வேண்டுதல் முடிந்த பிறகு

புதிதாக நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஊசி எங்கே குத்துவது, கட்டு எப்படிப் போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த விஷயத்தில் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. ஒரு பெண்ணைத் தன் உடம்பைத் தானே கவனித்துக்கொள்ள வைப்பது இருக்கிறதே, அதுதான் நம் வேலையில் ஆளை அடித்துப் போடுகிற காரியம். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி கஸ்தூரி என்ற ஒருத்தியால் தெரிந்தது. அவள் கதையைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை மருந்தகத்தில் நர்சாகச் சேர்ந்தேன். தொழிலாளிகளின் குடும்பத்துப் பெண்களுக்கும் வைத்தியம் அங்கேதான். எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அம்மா போன பிறகு அங்கே போகக் காரணம் எதுவும் இல்லாமல் போயிற்று. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களும் மெல்ல மெல்லக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். பட்டாபிராமில் ஓர் அறை எடுத்துக்கொண்டு ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்தேன்.

கஸ்தூரிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் முனுசாமி எங்கள் தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை செய்தார். சின்ன வீடு. அதில் மாமனார், மாமியார், கொழுந்தன் குடும்பம் எல்லாரும் இருந்தார்கள். கஸ்தூரிக்கு ஒரே பையன். ஓயாத தாகம், அடிக்கடி தலைசுற்றல் என்று ஒரு நாள் வந்தாள். அந்தக் காலத்தில் சர்க்கரை வியாதியைச் சிறுநீரில்தான் பார்ப்போம். நீல மருந்தில் சில சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தால், நீலமாகவே இருந்தால் நிம்மதி. நிறம் மாற மாறக் கவலை. கஸ்தூரியினுடையது செங்கல் நிறத்துக்குப் போய் நின்றது.

அவளுக்கு எல்லாம் சொன்னேன். சர்க்கரை போட்ட காபி கூடாது, சோற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், மாத்திரையை விடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் “சரி சிஸ்டர்” என்றாள். தலையாட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அடுத்த முறை வந்தபோதும் அதே செங்கல் நிறம். விசாரித்தால், வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைத்தான் சாப்பிடுகிறாள். மிஞ்சியது ஒரு கை சோறாக இருந்தால் ஒரு கை, ஒரு பானையாக இருந்தால் ஒரு பானை. மாமியார் பாதி குடித்து வைத்த காபியைக்கூடக் கீழே கொட்ட மனம் வராது. அளவு என்பதை அவள் வயிறு தீர்மானிக்கவில்லை, மற்றவர்களின் பசி தீர்மானித்தது.

கெஞ்சிப் பார்த்தேன். திட்டிப் பார்த்தேன். அவர்கள் தெருவிலேயே ஒருவருக்கு இந்த வியாதியால் காலை எடுத்திருந்தார்கள். அதைச் சொல்லிப் பயமுறுத்தினேன். அழுதுகொண்டே போனாள். கொஞ்ச நாள் சர்க்கரையைத் தொடவில்லை. பிறகு பழையபடி ஆகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் ஒரு லேடி டாக்டர் வருவார், என்னைவிட வயதில் சின்னவர். “பயத்தை ரொம்ப நம்பாதீங்க சிஸ்டர், அது சீக்கிரம் பழகிடும்” என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் பயத்துக்குப் பதிலாக எதை நம்புவது என்று அவருக்கும் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போது எல்லையில் சண்டை மூண்டது. கஸ்தூரியின் பையன் பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். வடக்கே எங்கேயோ இருக்கிறான் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. ரேடியோ இருக்கிற வீட்டு வாசலில் தெருவே கூடி நிற்கும். கஸ்தூரி அங்கெல்லாம் போகவில்லை. ஏரிக்கரையை ஒட்டி இருந்த அம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டாள். பிள்ளை நல்லபடியாகத் திரும்பி வரும்வரை இனிப்பைத் தொடுவதில்லை, ஒரு பொழுதுதான் சோறு, விடியும் முன்பே எழுந்து ஏரிக்கரை வழியாக நடந்துபோய்க் கோயிலைச் சுற்றி வருவது என்று.

உங்களுக்கே புரிந்திருக்கும். நான் தொண்டை வறளச் சொன்னதையெல்லாம் அம்மன் ஒரே நாளில் சாதித்துவிட்டாள். மாத்திரையையும் அதோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டாள். கோயிலிலிருந்து வந்து குங்குமம் இட்டுக்கொண்ட கையோடு மாத்திரை. நீலம் நீலமாகவே நிற்க ஆரம்பித்தது. முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது, தலைசுற்றல் போயிற்று, நடையில்கூட ஒரு வேகம். மருந்தகத்துக்கு வரும் மற்றப் பெண்களிடம் “கஸ்தூரியைப் பாருங்க” என்று நான் பெருமை அடித்துக்கொண்டேன். லேடி டாக்டரும் அசந்துபோனார்.

சண்டை முடிந்து, அதற்குப் பிறகும் சில மாதங்கள் கழித்துத்தான் பையனுக்கு லீவு கிடைத்தது. கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தான். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். எனக்கும் ஒரு தூக்கு நிறைய வந்தது. அன்றைக்குக் கஸ்தூரி கோயிலில் விம்மி விம்மி அழுததைப் பற்றித் தெருவெல்லாம் பேசினார்கள். பெற்ற வயிறு இல்லையா என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதன் பிறகு அவள் மருந்தகத்துக்கு வரவில்லை. இரண்டு முறை சொல்லி அனுப்பிவிட்டு நானே வீட்டுக்குப் போனேன். எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள், தானும் குடித்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது. மாத்திரை எங்கே என்று கேட்டேன்.

“வேண்டுதல் முடிஞ்சிட்ச்சி இல்ல சிஸ்டர்” என்றாள். மிச்சம் இருந்த மாத்திரைகளைக் கோயில் உண்டியலிலேயே போட்டுவிட்டாளாம்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நேர்ந்துகொண்டு நிறைவேறிய பிறகு அந்தச் சாமான் தன்னுடையது இல்லை என்பது அவள் கணக்கு. அவள் அளவில் அது நாணயமான கணக்குத்தான். விளக்கிச் சொன்னேன், புதிதாக மாத்திரை கொடுத்தேன். “சரி சிஸ்டர்” என்றாள். அந்தச் சரியை எனக்குத் தெரியும்.

லேத்தில் வேலை செய்கிறவர்களின் காக்கி உடுப்பில் இரும்புப் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். துணி துவைக்கும் பெண்களுக்கு அது குத்துவது சகஜம். குத்தினால் சுரீர் என்று வலிக்கும், எடுத்துப் போட்டுவிடுவார்கள். சர்க்கரை ஏறி ஏறிக் கஸ்தூரியின் பாதம் மரத்துப்போயிருந்தது. துவைக்கிற கல்லடியில் ஒரு பிசிறு அவள் கால் விரலில் ஏறியது, அவளுக்குத் தெரியவே இல்லை. தெரிந்தபோது பழைய துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். காய்ச்சலில் விழுந்த பிறகுதான் முனுசாமி அவளை எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தார். துணியைப் பிரித்ததும் லேடி டாக்டர் என்னைப் பார்த்தார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

அங்கே இரண்டு விரலை எடுத்தார்கள். புண் ஆறினால் சரி, ஆறாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார்கள். புண் ஆற வேண்டுமென்றால் சர்க்கரை இறங்க வேண்டும். கஸ்தூரியோ ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தொடாமல் கிடப்பாள், இல்லாவிட்டால் பார்க்க வருகிறவர்கள் வாங்கி வரும் பன்னைச் சத்தம் போடாமல் தின்பாள். வார்டு நர்ஸ் மாத்திரை கொடுத்தால் நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பினாள். நம்மவர்கள் இதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைப்பார்கள். எனக்கு அது வேறு ஏதோவாகப் பட்டது, ஆனால் என்னவென்று தெரியவில்லை.

வேலை முடிந்து தினமும் ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். கடமைக்காகப் போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். உண்மையில், சாயங்காலம் என்று ஒன்று வந்தால் எனக்குப் போக ஓர் இடம் கிடைத்திருந்தது. அவ்வளவுதான்.

ஒரு நாள் வார்டு வாசலில் முனுசாமி என்னைத் தனியாக அழைத்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மறுநாள் பெரிய டாக்டர் வந்து பார்த்துக் காலைப் பற்றி முடிவு சொல்லப்போகிறாராம்.

“சிஸ்டர், அது தனக்கோசரம் எதுவும் செய்யாது. எதுக்குனா வேண்டிக்கச் சொல்லுங்க. பையன் கல்யாணத்துக்குன்னு சொல்லுங்க. உடனே சாப்டும், மாத்திர போட்டுக்கும். நீங்க சொன்னா கேக்கும்.”

அந்த இடத்தில் என் நிலையை யோசித்துப் பாருங்கள். கையில் ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே பலித்த வழி. பொழுது விடிந்தால் கால் போகுமா இருக்குமா என்று தெரிந்துவிடும். கல்யாணத்துக்கு ஒரு வருடம் ஆகும், அதுவரை தாங்கும். அதற்குப் பிறகு வேறொன்று, பேரப்பிள்ளைக்கு ஒன்று, கொழுந்தன் வேலைக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போகலாம். நான் சரி என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பையன் கல்யாணத்தைப் பற்றிப் பேச்சை ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இன்னொரு வேண்டுதலா, அவர் சொல்லி அனுப்பினாரா என்று கேட்டாள். பொய் சொல்ல முடியவில்லை, ஆமாம் என்றேன். மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

 எழுந்து போயிருக்கலாம். அறையில் போய் என்ன செய்யப்போகிறோம் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, வேறு பேச்சு எதுவும் இல்லாததால், அந்த விரத நாட்களில் அவளுக்கு எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று கேட்டேன். அவளுக்கு வியாதி வந்ததிலிருந்து நான் அவளிடம் கேட்ட கேள்விகளெல்லாம் மாத்திரை போட்டாயா, நடந்தாயா என்பவைதான். இது மாதிரி ஒன்றைக் கேட்டதே இல்லை.

“கஷ்டமா? ஒண்ணும் கஷ்டமா இல்ல சிஸ்டர். என் ஆயுசுலயே நான் நல்லா இருந்தது அப்பதான்.”

பிறகு சுவரைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனாள். வீடு எழுந்திருக்கும் முன்பே கிளம்பிவிடுவாளாம். ஏரிக்கரையில் ஆள் நடமாட்டம் இருக்காது. யாரும் கஸ்தூரி என்று கூப்பிட மாட்டார்கள், அண்ணி என்று கூப்பிட மாட்டார்கள். கோயிலைச் சுற்றி முடித்த பிறகும் உடனே திரும்ப மாட்டாள், மதகு வரைக்கும் சும்மா நடப்பாள். தண்ணீரைப் பார்ப்பாள். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நேரம் தனக்கென்று இருந்ததே இல்லை என்றாள். சாமி காரியம் என்பதால் மாமியார்கூட எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை.

“புள்ள வரான்னு சேதி வந்திச்சி. ஊடே குதிக்குது. எனக்கு இன்னா தோணிச்சி தெரியுமா சிஸ்டர்? இன்னும் கொஞ்ச நாள் கய்ச்சி வரக்கூடாதான்னு தோணிச்சி. அவன் வந்துட்டா நான் எதச் சொல்லிகினு வெளிய போறது? கோயில்ல அதுக்குத்தான் அழுதேன். எல்லாரும் சந்தோசத்துல அழறான்னாங்க.”

அதற்குப் பிறகு சொன்னதை மிக மெதுவாகச் சொன்னாள். நான் குனிந்துதான் கேட்டேன்.

“சண்டைக்குப் போன புள்ளைய லேட்டா வான்னு நெனச்ச கால் இது. போவட்டும்.”

இந்தப் பெண்ணை நான் எத்தனையோ நாள் கெஞ்சியிருக்கிறேன், மிரட்டியிருக்கிறேன். அவளுக்கு மனம் இல்லை என்று நினைத்திருந்தேன். மனம் இருந்தது. அதற்கு அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். ஏரிக்கரையில் தனியாக நடப்பது பிடித்திருந்தது என்பது அவளுக்குக் குற்றமாகத் தெரிந்தது. அந்தக் குற்றத்துக்குக் காலைக் கொடுத்துவிடத் தயாராக இருந்தாள்.

அது பாவம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் சரி சிஸ்டர் என்றிருப்பாள். சொல்லவில்லை. பார்வையாளர்கள் கிளம்ப மணி அடித்துவிட்டார்கள், வார்டு ஆயா ஒவ்வொரு கட்டிலாக வந்துகொண்டிருந்தாள்.

“கஸ்தூரிம்மா, மறுபடியும் அந்த மாதிரி நடக்கணும்னு இருக்கா?” என்று கேட்டேன்.

 ஆயா எங்கள் கட்டிலுக்கு வந்து நேரமாகிவிட்டது என்றாள். நான் எழுந்து நின்றேன். அப்போதுதான் கஸ்தூரி என் பக்கம் திரும்பினாள்.

“வேணும் சிஸ்டர்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “எனக்குத்தான் வேணும்” என்றாள்.

தலைமாட்டில் மூடி வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். பாதியை ஒதுக்கிவிட்டு மீதியைச் சாப்பிட்டாள். மாத்திரையை விழுங்கிவிட்டு, நான் கேட்காமலேயே வாயைத் திறந்து காட்டினாள்.

மறுநாள் டாக்டர் இன்னும் சில நாட்கள் பார்க்கலாம் என்றார். பிறகு இன்னும் சில நாட்கள். புண் ஆறுவதற்குள் எங்களுக்கு உயிர் போய்விட்டது, ஆனால் ஆறியது. இரண்டு விரல் இல்லாத அந்தக் காலோடு அவள் வீட்டுக்கு வந்தாள்.

முனுசாமியிடம் நான் பேசியதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் பாதி அதுதான். அவள் உள்ளே புலம்பியது எதையும் அவரிடம் சொல்லவில்லை. அது அவளுடையது. தினமும் விடியற்காலையில் அவள் செருப்புப் போட்டுக்கொண்டு வெளியே போய் நடந்தே ஆக வேண்டும், அதுவும் மருந்து என்றேன். துணைக்கு யாரை அனுப்புவது என்று கேட்டார். யாரும் கூடாது என்றேன். ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று தயங்கினார். டாக்டர் உத்தரவு என்று சொல்லுங்கள், உங்கள் அம்மாவிடமும் அப்படியே சொல்லுங்கள் என்றேன். லேடி டாக்டரையும் ஒரு வார்த்தை சொல்ல வைத்தேன். அம்மன் கொடுத்திருந்த அனுமதியை நாங்கள் நீட்டித்துக் கொடுத்தோம், அவ்வளவுதான் செய்தது. உங்களிடம் வருகிற பெண்ணுக்குப் புத்தி சொல்வதற்கு முன், தன்னைக் கவனித்துக்கொள்ள அவளுக்கு வீட்டில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அவளிடம் அவளே அனுமதி வாங்கியிருக்கிறாளா என்றும் பாருங்கள். பிள்ளைக்காகச் செய், புருஷனுக்காகச் செய் என்று சொல்வது சுலபம். பலனும் உடனே தெரியும். பிள்ளை வந்ததும் நின்றுபோகும்.

அவள் நடக்கத் தொடங்கிய புதிதில் ஒரு நாள் மருந்தகத்துக்கு வந்தாள். நிறம் நீலமாகவே நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில், நானும் முதல் வண்டியைப் பிடித்து வந்துவிடுகிறேன், இரண்டு பேரும் சேர்ந்தே நடக்கலாம் என்றேன். சொல்லும்போதே எனக்குள் என்னென்னவோ திட்டமெல்லாம் ஓடியது. தினமும் காலையில் ஒருத்தி எனக்காகக் காத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கஸ்தூரி தலையாட்டவில்லை. மருந்தகத்தில் அவள் எனக்குச் சரி சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

“தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். யாரும் வேணாம். தனியா போறதுதான் எனக்கு நல்லா கீது.”

நான் சிரித்துச் சமாளித்தேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளெல்லாம் நான் இரவுக்கு என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். டீயும் ரொட்டியும் என்றேன். அறையில் அடுப்பு மூட்டுவதில்லையா என்றாள். ஒருத்திக்காக என்ன மூட்டுவது என்றேன். சொன்ன பிறகுதான், இதே பதிலை வேறு பெண்கள் சொன்னால் நான் எப்படிச் சண்டைக்குப் போவேன் என்பது நினைவுக்கு வந்தது.

“எனக்குத் தனியா நடக்கணும். நீங்க தனியா சாப்டக் கூடாது. ஞாயித்துக்கெயமைல ஊட்டுக்கு வந்துடுங்க. நான் குறைச்சித்தான் துன்னுவேன், நீங்க நல்லா துன்னுங்க.”

டியூட்டி இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு டியூட்டி கிடையாது, மருந்தகமே பூட்டியிருக்கும். அது அவளுக்கும் தெரியும். சரி சிஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஞாயிறும் போகவில்லை, அடுத்ததும் போகவில்லை. அறையில் கட்டிலில் உட்கார்ந்து, போகலாமா என்று யோசித்துக்கொண்டே பொழுது சாய்ந்துவிடும். எனக்கு வேண்டும் என்று சொல்ல, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளுக்கு ஆனதைவிட எனக்கு அதிக நாள் பிடித்தது. அவள் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டபோது, வருகிறேன் என்றேன்.